கொண்டாட்டம் மட்டும்தான் குற்றவாளியா?

கல்லூரி திறந்து மூன்று மாதம் ஆகட்டும், நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரே பேச்சுதான். “இன்னார் மகன் பள்ளிக்கூடத்தில் தங்கமான பையன். காலேஜுக்குப் போனான், கெட்டான். பிறந்த நாள் பார்ட்டி, டூர், கும்மாளம் என்று திரிகிறான்.” மூணாறிலும் இதைக் கேட்கலாம், சித்தூரிலும் கேட்கலாம், கொழிஞ்சாம்பாறையிலும் கேட்கலாம்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் யாரும் அந்தப் பையனிடம் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் பாலக்காட்டுக்கு வந்து ஒரு கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தான். அவன் தகப்பனார் எனக்குத் தெரிந்தவர். “தம்பி, பையனைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று சொல்லியிருந்தார். ஓணம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூட்டி முடிந்து அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். பகல் பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தான். முதல் நாள் இரவு யாருக்கோ பிறந்த நாளாம். நன்றாகத் திட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் சொன்னான்:

“அண்ணே, கிளாஸ்ல பாடம் இங்கிலீஷ். நடுவுல விளக்கம் சொல்றது மலையாளம். ரெண்டும் எனக்கு அரைகுறை. கேள்வி கேட்டா எழுந்து நிக்கணும். பார்ட்டியில யாரும் என்னைக் கேள்வி கேக்கறதில்லை.”

அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை தமிழிலேயே படிக்கலாம், கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். போராடிப் பெற்றுக் காத்துவரும் உரிமை அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியமே எடுத்துப் படிப்பவருக்குத் தொல்லையும் இல்லை. ஆனால் வணிகவியலோ, இயற்பியலோ எடுப்பவன் கதை வேறு. ‘பற்று, வரவு’ என்று தெரிந்தவனுக்கு ‘டெபிட், கிரெடிட்’ என்றால் ஒரு நொடி தயக்கம். அந்த ஒரு நொடியில் ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இப்படி ஒரு மாதம் போனால் வகுப்பே வேம்பாகிவிடும். வேம்பாகிப்போனவனுக்குக் கும்மாளம் கரும்பாக இனிப்பதில் என்ன அதிசயம்?

ஆகவே கொண்டாட்டமே கூடாது என்போர் கட்சியில் நான் இல்லை. கல்லூரியில் ஓணப் பூக்களம் போடும்போது நம் பிள்ளையும் கூட உட்கார்ந்து பூ கிள்ளட்டும். கல்பாத்தித் தேருக்குப் போகட்டும். மலையாளம் பேச வருவதும், பாடக் குறிப்பு கிடைப்பதும், “நாளைக்கு டெஸ்ட் இருக்கு” என்ற செய்தி காதில் விழுவதும் இந்தச் சிநேகங்களால்தான். தமிழ்ப் பையன்கள் நாலு பேராக ஒரு மூலையில் ஒதுங்கி இருப்பவர்கள் கடைசிவரை ஒதுங்கியே இருப்பார்கள். அதற்காக, பார்ட்டி என்றால் கேக் வெட்டுவது மட்டும்தான் என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். பாட்டில் வரும் இடத்தைவிட்டு எழுந்து வரத் தெரிய வேண்டும். கொழுந்து பறித்த கூலியில் வந்த காசு அது.

எங்கே இடிக்கிறது என்றால், காலக் கணக்கில்தான். முன்பெல்லாம் ஆண்டு முழுவதும் ஆடிவிட்டுக் கடைசி இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்துத் தேறியவர்கள் உண்டு. அந்தக் கதையைத்தான் மாமன்மார் இன்னும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அது நடக்காது. கேரளத்தில் 2024 ஜூலை 1 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை வந்துவிட்டது. மூன்றாண்டோடு முடித்துக்கொண்டு பட்டம் வாங்கலாம். நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். எல்லாம் செமஸ்டர் கணக்கு. ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் சுமார் 30 உள்தேர்வுக்கும் வகுப்பு வேலைகளுக்கும் போய்விடும். மீதிதான் பல்கலைக்கழகத் தேர்வு. வருகைப் பதிவும் 75 விழுக்காடு வேண்டும். முதல் செமஸ்டரில் விட்ட மதிப்பெண் கடைசிவரை கூடவே வந்து பட்டத்தின் சராசரியில் உட்கார்ந்துகொள்ளும். அந்த முதல் செமஸ்டரின் நடுவில்தான் ஓணம் வருகிறது, கடைசியில் ஐப்பசித் தேர் வருகிறது. புதிதாக வந்தவனுக்குப் பாடம் பிடிபட வேண்டிய அதே மாதங்களில்தான் கொண்டாட்டமும் குவிந்து கிடக்கிறது.

இடையில் கல்லூரி மாறுவோருக்கும், பல்கலைக்கழகம் மாறுவோருக்கும் இதே கதிதான். படித்து எடுத்த கிரெடிட்டைக் கொண்டுபோகப் புது முறையில் வழி இருக்கிறது. ஆனால் கிரெடிட் மாறும், பாடம் புரிவது மாறாது. புது இடத்தில் முந்தைய செமஸ்டரில் எதை நடத்தி முடித்தார்கள் என்ற பாடத்திட்டத்தைப் போவதற்கு முன்பே வாங்கிப் பார்த்துவிட வேண்டும். (பாலக்காடு விக்டோரியா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது, பிறகு கேரளப் பல்கலைக்கழகம், 1968-க்குப் பின் கோழிக்கோடு. கல்லூரிகளே இப்படி மாறியிருக்கின்றன. ஆனால் அது கட்டிடம், தாங்கிக்கொண்டது.)

என்னைக் கேட்டால், பிளஸ் டூ பரீட்சை முடிந்து ஜூலை பிறப்பதற்குள் கிடைக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பையன் ஊரைச் சுற்றட்டும், சினிமா பார்க்கட்டும், சிநேகிதர்களோடு மறையூர் வரை போய் வரட்டும். அதற்கான காலம் அதுதான். தினமும் ஒன்றரை மணி நேரம் மட்டும் தன் பாடத்தின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதட்டும். நாளைக்கு ஐந்து சொல் என்றால் மூன்று மாதத்தில் நானூற்றுக்கு மேல் சேர்ந்துவிடும். மலையாளம் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே நிறைய. கல்லூரி அறிவிப்புப் பலகையைப் படிக்க இன்னொருவனைத் தேடும் நிலைமை வேண்டாம்.

தேவிகுளத்துப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போய்விட்டது. தகப்பனாரிடம் நான்தான் சொன்னேன். போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. இப்போது ஒற்றப்பாலத்துப் பையன் ஒருவன் மாலையில் அவனுக்குக் கணக்குப் பதிவியல் சொல்லித் தருகிறான். இருவரும் சிநேகமானது ஒரு பிறந்த நாள் பார்ட்டியில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. பிளஸ் டூவில் தேறியவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் பாராட்டு விழா எடுக்கிறோம். பொன்னாடை, பரிசு, பிரியாணி, ஆறு பேர் பேச்சு. மறுநாள் அந்தப் பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள், அங்கே என்ன ஆனார்கள் என்று கேட்பாரில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஜூன் மாதம் இருபது நாள், மாலை ஆறு முதல் ஏழரை வரை, ஆங்கிலப் பாடச் சொற்களுக்கும் மலையாள எழுத்துக்கும் ஒரு வகுப்பு நடத்த என்ன தடை?

எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “விழாவுக்கு மைக் செட் வாடகைக்கே பணம் போதவில்லை, வகுப்பு வேறா?” என்றார் ஒரு பெரியவர். பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த மைக் எதற்கு?