நாற்காலிக்கா கூலி?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலே காலை வேளையில் நின்று பார்த்தோம். சோழிங்கநல்லூரைத் தாண்டிச் சிறுசேரி நோக்கிக் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஊர்கின்றன. உள்ளே மென்பொருள் எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகள். கழுத்திலே அட்டை, காதிலே கருவி, கண்ணிலே தூக்கம்!

"அவர்களுக்கென்ன குறை? லேத்தை நாம் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியுமா?" என்று ஆலைத் தோழர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. (காஞ்சிபுரத்து நெசவாளியின் தறி வீட்டிலேதான் இருக்கிறது, அதனால் அவர் பாடு சுகம் என்று யாரும் சொன்னதில்லை.) நாம் கேட்பது வேறு. கூலி செய்த வேலைக்கா, உட்கார்ந்த நாற்காலிக்கா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை நின்றதா? இல்லை. 2025-க்குள் நூற்றுக்கு 25 பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டாட்டா கன்சல்டன்சி நிர்வாகமே அந்த ஆண்டில் அறிவித்தது. அதே நிர்வாகம் 2023 அக்டோபரில், வாரம் 5 நாளும் வா என்றது. 2024-இல் வருகை நூற்றுக்கு 60-க்குக் குறைந்தால் காலாண்டு ஊக்கத்தொகை கிடையாது, முழுத்தொகை வேண்டுமானால் 85-ஐத் தாண்டு என்றது. 25 போதும் என்ற வாய்தான் 85 கேட்டது!

வேறு சில கம்பெனிகள் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்று கலப்பு முறைக்கு வந்தன. அதை நாம் எதிர்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்கிறான். தொலைபேசியில் அரைநாள் இழுக்கும் சிக்கல், எட்டிப்பார்த்தால் பத்து நிமிடத்தில் தீரும். ஆனால் அந்த மூத்தவர் அன்று வந்திருக்க வேண்டுமே! குழுவில் ஒருவர் புனேயில், ஒருவர் ஐதராபாத்தில், மூத்தவர் வீட்டில். பையனோ ஒன்றரை மணி நேரம் பேருந்தில் இடிபட்டு வந்து, திரையைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்புகிறான். பதிவேட்டில் வருகை ஏறிவிட்டது. வேலைக்கு என்ன லாபம்?

சீனத்து டிரிப்.காம் கம்பெனியில் 1612 பேரைக் கொண்டு ஆறு மாதம் சோதித்தார்கள். 2024-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை. மற்றவர்களுக்கு ஐந்து நாளும் அலுவலகம். வீட்டுநாள் பெற்றவர்களிடையே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும், நெடுந்தூரம் பயணம் செய்வோரிடமும் அந்தப் பலன் மிகுதி. பொறியாளர் எழுதிய நிரலின் அளவிலோ வேறுபாடே இல்லை. உற்பத்தி 2.6 சதவீதம் சரியும் என்று முன்பு கணித்த மேலாளர்களே, முடிவில் 1 சதவீதம் கூடும் என்றார்கள்!

எந்த நாள் கூடுவது என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். ஊக்கத்தொகைக்கு வருகையை அளவுகோலாக்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு வீட்டிலிருந்து பேசுகிற நேரமும் வேலை நேரத்தில் சேரட்டும். மென்பொருள் தொழிலாளரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆலை வாயிலில் கூட்டம் போடும் தோழர்கள், ஒரு மாலை சிறுசேரிப் பக்கமும் வரவேண்டும்.