பேர் இல்லாத வயர்

நம்ம ஊருக்குச் சிங்களத்தில் மகநுவர, தமிழில் கண்டி. பஸ் போர்டில் ரெண்டும் இருக்கும். யாரும் வழி தவறுவதில்லை. அந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய் சர்வரைத் திறந்தால்? ஈத்0, ஈத்1. எந்த வயர் எங்கே போகுது என்று ஒரு வார்த்தை கிடையாது.

“அதெல்லாம் அண்ணாவுக்குத் தெரியும்” என்பார்கள். அண்ணா லீவில் போனால்? இதை அனுபவம் என்று புகழாதீங்க. எல்லாருக்கும் தெரிய வேண்டியதை ஒரு ஆள் தலைக்குள் பூட்டி வைக்கிற பழக்கம் இது. புதுசா வந்த பிள்ளைதான் தப்பான வயரைக் கழட்டி ஏச்சு வாங்கும்.

வசதி இல்லை என்று சொல்லவும் ஏலாது. சிஸ்கோவில் ‘டிஸ்கிரிப்ஷன்’, லினக்ஸில் ‘அலையஸ்’: ஒரே வரிக் கட்டளை. லினக்ஸில் கையால் கொடுத்தது ரீபூட்டில் போய்விடும். சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் எழுதினால் நிற்கும். ‘ஈஎன்பி3எஸ்0’ மாதிரிப் புதுப் பேர்களே போதாதா? அது கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கு என்று சொல்லும். மறுமுனை பேராதனையா, கட்டுகஸ்தோட்டையா என்று சொல்லாது.

லினக்ஸ் அலையஸில் 255 பைட் இடம் உண்டு. தமிழில் ‘பேராதனை’ எழுத 21 பைட் போதும். ஆனால் கண்காணிப்புக்கான எஸ்என்எம்பி தரத்தில் அதே குறிப்புக்கு 64 எழுத்துதான், அதுவும் ஆஸ்கி மட்டும். 2000-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2863 சொல்வது அது. பஸ் போர்டில் கேட்டு வாங்கிய உரிமையை இங்கேயும் கேட்கணும். அதுவரை ஆங்கில எழுத்திலாவது எழுதுங்க.

எங்கே போகுது, யாருடையது, அறுந்தால் யாரைக் கூப்பிடுவது. மூன்றையும் அண்ணாவிடம் மரியாதையாகக் கேளுங்க. கேட்ட கையோடு நீங்களே எழுதி வைங்க.