கூலிக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

ஒரு பிரதேசத்து ஜனங்களின் வறுமை நீங்கிற்றா என்பதை அறிய உலக நாடுகள் பலவித அளவுகோல்களைக் கையாண்டு வருகின்றன. 2015-ஆம் வருஷம் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்தினர் நாடுகள் பதினேழு குறிக்கோள்களை ஏற்று, அவற்றை 2030-ஆம் வருஷத்திற்குள் நிறைவேற்றுவதென உறுதி செய்தன. அவற்றுள் முதலாவது வறுமை ஒழிப்பு, மூன்றாவது ஆரோக்கியம், ஆறாவது நன்னீர். காகிதத்தில் இவை தனித்தனி இலக்கமிட்டு நிற்பினும், குடியானவன் வீட்டில் இவை தனித்தனியே நிற்பனவல்ல. கூலி உயர்ந்து கிணறு கெட்டால், அவ்வீட்டின் வறுமை தொலைந்தது என்று கூறுதல் பொருந்துமா? இவ்வினாவை ஆராய்வதற்குத் திருமுருகன்பூண்டியையும் அதைச் சூழ்ந்த பின்னலாடைப் பிரதேசத்தையும் விடத் தக்க இடம் வேறு தேட வேண்டுவதில்லை.

திருமுருகன்பூண்டி, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே, நொய்யலின் துணையாறாகிய நல்லாற்றை ஒட்டி அமைந்த பழைய ஊர். சுந்தரமூர்த்தி நாயனார் தாம் கொண்டு வந்த பொருளையெல்லாம் வேடரிடம் பறிகொடுத்துப் பின் மீட்டுக்கொண்ட ஸ்தலம் என்பது யாவரும் அறிந்ததே. கற்சிற்பிகளின் உளியோசைக்குப் பெயர் பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த பூமி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் மானாவாரியிலும், பருத்தியும் காய்கறியும் கிணற்றுப் பாசனத்திலும் விளைந்த காடுகளின் நடுவே, பனியன் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன.

அத்தொழிலால் உண்டான நன்மையை மறுப்பது நியாயமன்று. மழை பொய்த்த வருஷங்களில் கடன்பட்டு நின்ற குடும்பங்களுக்கு வாரக்கூலி கைகொடுத்தது. தென் ஜில்லாக்களிலிருந்தும், பீஹார், ஒடிசா முதலிய மாகாணங்களிலிருந்தும் வந்தோர்க்கும் பிழைப்புக் கிடைத்தது. கல்வி, சுகாதாரம், வாழ்க்கை வசதி என்ற மூன்றையும் சேர்த்து அளக்கும் நிதி ஆயோக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் வறியோர் தொகை 2015-16-இல் நூற்றுக்கு 4.76 ஆக இருந்து, 2019-21-இல் 2.20 ஆகக் குறைந்தது. இவ்வித்தொழில்களின் பங்கும் அதில் உண்டு என்பதிற் சந்தேகமில்லை.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். பருத்தித் துணியிற் சாயம் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. சாயம் துணியிற் பற்றும். உப்போ கழிவு நீரிலேயே தங்கிவிடும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியிற் கலக்கும் நொய்யலில் இந்நீர் பல வருஷங்கள் விடப்பட்டது. பாசனத்திற்கென்று 1992-ஆம் வருஷம் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டாமென்று கீழ்ப்பாசனக் குடியானவர்களே வேண்டிக்கொள்ளும் விபரீதம் நேர்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தார் தொடுத்த வழக்கில், 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளிவிடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே இப்பிரதேசத்தில் வேரூன்றியது.

கெட்ட கிணற்றால் நேரும் நஷ்டம் வயலோடு நிற்பதன்று. உப்பு மிகுந்த நீர் பாய்ந்த மண் இறுகி, வித்து முளைப்பது அரிதாகும். கீரைப்பாத்தி பட்டுப்போம், தீவனப்பயிர் குன்றும், தீவனமின்றிக் கறவை மாடு சந்தைக்குப் போகும். அதன்பின் பாலும் கீரையும் காயும் கூலிப்பணத்தைக் கொண்டே வாங்கப்பட வேண்டும். வாங்க முடியாத நாளில் தட்டிலிருந்து முதலில் மறைவன இவையே. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019-21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையவர்கள். சோகைக்குக் காரணங்கள் பல. எனினும், நூற்றுக்கு இரண்டு பேரே வறியவர் என்று ஒரு கணக்கும், பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தம் குன்றியவர் என்று மற்றொரு கணக்கும் கூறும்போது, முதற்கணக்கை மட்டும் வைத்துத் திருப்தியடைவது தகாது.

நல்ல நோக்கத்தோடு தொடங்கும் காரியமும் நீரைச் சோதியாமையால் தீங்காய் முடியும் என்பதற்கு வங்காள தேசம் சாட்சி. குளத்து நீரால் வரும் பேதி முதலிய வியாதிகளைத் தடுக்க, 1970-ஆம் வருஷங்களில் சர்வதேச ஸ்தாபனங்களின் உதவியுடன் அங்கே குழாய்க் கிணறுகள் ஏராளமாக இறக்கப்பட்டன. அந்நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருப்பது 1993-இல் தெரிய வந்தது. பிற்பாடு சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும், பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. எழுத்தறியாதவரும் எந்நீரைக் குடிக்கலாம் என்று உடனே அறிந்தனர். செய்தது சரியே, அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நம் பிரதேசத்துக்கும் இப்பாடம் பொருந்தும். வீடுதோறும் 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என்று பிரித்துப் பேசுகிறோம். உப்பை நாக்கு அறியும். அதன் அளவை நாக்கு அறியாது. குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் நலம். வேறு நீர் இல்லாவிடத்தும் 2,000-ஐத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். விவசாயத் துறையின் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரின் உப்புத்தன்மையைச் சிறு கட்டணத்தில் அறிந்துகொள்ளலாம். ஆகவே கோடையில் ஒரு முறையும் மழைக்குப்பின் ஒரு முறையும் ஒவ்வொரு கிணற்று நீரும் சோதிக்கப்பட வேண்டும். அதன் முடிவைக் கிணற்றின் மதிற்சுவரிலே வர்ணத்தாற் குறிக்க வேண்டும். உலகத் தண்ணீர்த் தினமாகிய மார்ச் 22-ஆம் தேதி ஊராட்சிகளிற் கூடும் கிராம சபையில் அம்முடிவுகளை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும்.

இவ்வாறு கடுமை காட்டினால் தொழில் நலிந்து ஏழைகளின் பிழைப்புக் கெடும் என்பார் உளர். அவர் அச்சம் வீணன்று. 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்து ஊர் திரும்பியோர் பலர். ஆனால் அத்துன்பத்துக்குக் காரணம் கண்டிப்பன்று. பல வருஷம் கண்டிப்பின்றி விட்டு, ஒரே நாளில் கண்டித்ததுதான். நீரைச் சுத்திகரிக்கும் செலவு துணியின் விலையிற் சேர வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனியன் அணிவோர் அவ்விலையைக் கொடுத்தல் தகும். அவர்கள் கொடாவிடில் அச்செலவை நம் குடியானவன் தன் கிணற்றால் கொடுக்கிறான். ஏழை நாடுகளுக்கு உதவி என்று அனுப்பும் பணத்தைவிட இந்நியாய விலையே மேலான உதவியாம்.

இப்போது இதைச் சொல்லுவதற்கு ஒரு விசேஷ காரணமும் உண்டு. தலைமுறைகளாய் வேண்டி நின்ற அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி. அளவுக்கு ஏற்றப்பட்டு, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் 1,045 குளங் குட்டைகளை நிரப்புவதே அதன் நோக்கம். பறிகொடுத்த நீர் ஒருவாறு திரும்பி வருகிறது. வந்த நீரிற் சாயமும் சாக்கடையும் கலக்க விட்டால், அழுக்கு நீரே ஊறிக் கிணறுகளைச் சேரும். குளத்துக்கு வரும் ஓடைகளைக் காப்பதும், குப்பை கொட்டுவோரைத் தடுப்பதும் சர்க்கார் ஒன்றாற் கூடுவதன்று. குளத்தடிக் குடியானவர்களும் பனியன் கம்பெனியாரும் தொழிலாளரும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க காரியம்.

கூலிக் கணக்கை முதலாளி எழுதுவான். கிணற்றுக் கணக்கைக் குடியானவன்தான் எழுத வேண்டும். இவ்விரண்டும் ஒரே ஏட்டில் ஏறும் நாளிலேயே வறுமை குறைந்தது என்று துணிந்து சொல்லலாம். நமது குடியானவப் பெருமக்கள் இவ்வருஷக் கோடையிலேயே ஒரு புட்டி கிணற்று நீரை எடுத்துச் சென்று சோதித்து, அக்கணக்கின் முதல் வரியை எழுதுவார்களாக.