சான்றிதழை யார் கேட்கிறார்கள்?

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் ஒரு பெண் டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்துவிட்டாள் என்றால், தெருவே அதைத் தகுதியாக ஏற்றுக்கொள்ளும். அதற்குக் காரணமும் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வை, தட்டச்சர் பதவிக்கான டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை பெயர் சொல்லிக் கேட்கிறது. அதே இயக்ககம் வழங்கும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழுக்கும் அங்கே இடம் உண்டு. ஒருமுறை தேறினால் தேறியதுதான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பல வருஷம் கழித்துப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்புக் குறையாது.

பக்கத்திலேயே சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வேறு. 1979 முதல் அதன் தொலைதூரக் கல்வி, வேலையில் இருந்தவர்களின் வீட்டுக்கே பட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. பதவி உயர்வுக்கும் சம்பள உயர்வுக்கும் அந்தத் தாள்கள் உதவின. தாள் கையில் இருந்தால் உரிமை கையில் இருக்கிறது என்று பழகிய வட்டாரம் இது.

அந்தப் பழக்கத்தோடு ஐ.டி. சான்றிதழை அணுகும்போதுதான் கணக்கு பிசகுகிறது. பி.சி.ஏ.வோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ முடித்த பிள்ளைக்குச் சென்னையில் ஒரு பயிற்சி மையம், மூன்று மாத கோர்ஸ், தங்குவதற்கு ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் தனி. நகை கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. என்ன கோர்ஸ், ஏன் அந்தக் கோர்ஸ் என்று கேட்டால், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்பதுதான் பெரும்பாலும் பதில். அண்ணன் படித்தது எந்த வருஷம், அவருக்கு வேலை கிடைத்தது அந்தச் சான்றிதழாலா என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஐ.டி. சான்றிதழ்களில் பெரும்பகுதியைக் கொடுப்பது அரசும் அல்ல, பல்கலைக்கழகமும் அல்ல. பொருளை விற்கும் கம்பெனியே கொடுக்கிறது. ரவுட்டர் விற்கும் சிஸ்கோ சிசிஎன்ஏ நடத்துகிறது. கிளவுட் விற்கும் அமேசான் ஏடபிள்யூஎஸ் தேர்வுகளை நடத்துகிறது. பொருள் மாறினால் தாளும் காலாவதி ஆகிவிடும். ஒரு காலத்தில் நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளில் எம்சிஎஸ்இ என்ற நான்கு எழுத்துக்குத் தனி மவுசு. மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியோடு அதற்கான தேர்வுகளை மூடிவிட்டது. சிசிஎன்ஏவுக்கும் ஏடபிள்யூஎஸ்ஸுக்கும் ஆயுள் மூன்று ஆண்டுகள். மைக்ரோசாப்டின் இப்போதைய அசோசியேட் நிலைச் சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது இலவசம் என்பது ஓர் ஆறுதல்.

அப்படியானால் இவற்றை உண்மையில் யார் கேட்கிறார்கள்? இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமேசானும் மைக்ரோசாப்டும் தங்கள் கிளவுட் சேவையைத் தாங்களே நேரடியாக மட்டும் விற்பதில்லை. டிசிஎஸ், இன்போசிஸ், காக்னிசன்ட் முதல் இருபது பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனம் வரை 'பார்ட்னர்' ஆக்கி அவர்கள் வழியாகவும் விற்கின்றன. பார்ட்னர்களுக்குப் படிநிலை உண்டு. மேல் படிக்குப் போக, சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. படி ஏறினால் சலுகை கூடும், வாடிக்கையாளர்களும் வருவார்கள். அரசுத் துறைகளின் டெண்டர்களும் இதற்குத் துணை போகின்றன. திட்டத்தில் சான்றிதழ் பெற்ற இன்னின்னார் இருக்க வேண்டும் என்று ஷரத்து போடுவது வழக்கம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-லேயே தன் தகவல் பாதுகாப்புப் பணிகளுக்கு இன்னின்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று உத்தரவு போட்டது. காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ் அங்கே புகழ் பெற அந்த உத்தரவு ஒரு முக்கியக் காரணம்.

ஆக, தலை எண்ணிக்கை காட்ட வேண்டியது கம்பெனிக்கு. அதனால்தான் வேலைக்குச் சேர்ந்தபின் பல நிறுவனங்கள் தாங்களே வவுச்சர் கொடுத்துத் தேர்வு எழுதச் சொல்கின்றன, தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. நாளை கம்பெனி கட்டக்கூடிய பணத்தை இன்று ஸ்ரீமுஷ்ணத்துக் குடும்பம் ஏன் கட்ட வேண்டும்?

புதிதாக வரும் பட்டதாரியிடம் நிறுவனங்கள் கேட்பது வேறு. டிசிஎஸ் நடத்தும் என்க்யூடி தேர்வைப் பார்த்தால் தெரியும்: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், புரோகிராம் எழுதும் திறன். ஜோஹோ இன்னும் ஒரு படி மேலே போய், 2000-களின் நடுவிலிருந்து பிளஸ் டூ முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, பட்டம் கேட்காமலே வேலைக்கு எடுக்கிறது. ஹெச்சிஎல்லின் டெக்பீ திட்டமும் பிளஸ் டூ மாணவர்களுக்கானதுதான். இந்த வாசல்களில் கம்பெனிச் சான்றிதழுக்கு வேலையே இல்லை. லூப் போட்டு ஒரு சின்னக் கணக்கை முடிக்கத் தெரியாதவர் கையில் மூன்று கிளவுட் சான்றிதழ் இருந்தால், நேர்காணல் செய்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

இதையெல்லாம் வைத்துச் சான்றிதழே வேண்டாம் என்று சொல்வதும் சரியல்ல. வேலையைப் பொறுத்தது அது. நெட்வொர்க் பராமரிப்பு, டேட்டா சென்டர், கம்பெனிகளின் சிஸ்டம் சப்போர்ட் வேலைகளுக்குச் சிசிஎன்ஏவைப் பெயர் சொல்லிக் கேட்கும் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் போகும் வளைகுடா வேலைகளிலும் அந்தப் பெயர் அடிபடும். லினக்ஸ் சர்வர் வேலைக்கு ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏவுக்கு மரியாதை உண்டு. கிளவுட் பக்கம் போகிறவர் அடிப்படை நிலைத் தேர்வுக்குச் செலவழிக்காமல் நேராக அசோசியேட் நிலைக்குப் படிப்பது நல்லது. அமேசானின் 100 டாலர் 'கிளவுட் பிராக்டிஷனர்' தேர்வு, தொழில்நுட்பம் சாராத விற்பனை, நிர்வாகப் பிரிவினரையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது.

சில சான்றிதழ்கள் புதியவருக்கு விற்கப்படவே கூடாதவை. சைபர் செக்யூரிட்டியில் புகழ்பெற்ற சிஐஎஸ்எஸ்பி, ஐந்து ஆண்டு வேலை அனுபவம் இருந்தால்தான் முழுமையாகக் கிடைக்கும். பட்டப்படிப்பு அதில் ஓராண்டைக் குறைக்கலாம், அவ்வளவுதான். தேர்வில் மட்டும் தேறியவருக்கு 'அசோசியேட்' என்ற பெயர் கிடைக்கும். புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி, திட்டங்களை ஆண்டுக்கணக்கில் வழிநடத்திய அனுபவத்தைக் கேட்கிறது. இறுதியாண்டு மாணவரிடம் இவற்றை விற்கும் பயிற்சி மையத்தின் வாசலிலிருந்து திரும்பி வந்துவிடலாம்.

இன்னொரு ஏமாற்று இதைவிடச் சாதாரணமானது. 'சிசிஎன்ஏ சர்டிபிகேட்' என்று மையம் கொடுப்பது சிஸ்கோ கொடுப்பதாக இருக்காது. கோர்ஸ் முடித்ததாக அந்த மையமே அச்சடித்த தாளாக இருக்கும். கம்பெனி தரும் உண்மையான சான்றிதழை எண்ணையோ இணைப்பையோ வைத்து யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். சேரும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி மையங்களின் பேச்சு மாறும்.

தேர்வு எப்படி நடக்கிறது என்பதும் முக்கியம். கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுகளுக்கு 'டம்ப்ஸ்' என்ற நோய் உண்டு. களவுபோன கேள்வித்தாளை மனப்பாடம் செய்து தேறுவது. பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, மேற்கொண்டு தேர்வு எழுதத் தடை என்று கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன. பிடிபடாவிட்டாலும் முதல் நேர்காணலில் சாயம் வெளுத்துவிடும். ஆர்ஹெச்சிஎஸ்ஏ அப்படியல்ல. ஒரு லினக்ஸ் இயந்திரத்தை முன்னால் வைத்து, பயனர்களை உருவாக்கு, டிஸ்க்கைப் பிரி, பாதுகாப்பு அமைப்பைச் சரிசெய் என்று வேலை கொடுப்பார்கள். ரீபூட் செய்தபின்னும் செய்த வேலை நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். குபர்நெட்டிஸ் நிர்வாகிகளுக்கான சிகேஏவும் கைவேலைத் தேர்வே. இரண்டு மணி நேரம், அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பார்த்து எழுதலாம் என்று விட்ட பிறகும் கஷ்டமாக இருக்கிற தேர்வைத்தான் நம்பலாம். கைக்காசு போட்டே எழுதுவதென்றால் இந்த வகையை முதலில் பார்க்க வேண்டும்.

காசு என்றால் எவ்வளவு? சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரி சேர்க்காமலே இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். தவறினால் மறுபடியும் முழுக் கட்டணம். இதற்கு எதிரில் என்பிடெல்லை வைத்துப் பார்க்கலாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் இந்தப் பாடங்களைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு 1,000 ரூபாய். வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகள், கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு. பயிற்சிக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75 சதவீதம் மதிப்பெண். டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றிலும் என்பிடெல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவரின் கையில் எந்தக் கம்பெனியும் காலாவதி ஆக்க முடியாத பாடம் இருக்கும்.

நெட்வொர்க் பழகவும் ரவுட்டர் வாங்க வேண்டாம். சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் எந்த வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், அதில் லினக்ஸ் போட்டு ஆர்ஹெச்சிஎஸ்ஏ பாடத்தின் பெரும்பகுதியைப் பழகிவிடலாம். அந்த லேப்டாப்புகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மைக்ரோசாப்ட், சிஸ்கோ போன்றவற்றின் பாடங்களை அரசுக் கல்லூரி வகுப்பறைக்கே கொண்டுவந்திருக்கிறது. பெரிய காரியம்தான். ஆனால் கிரெடிட்டுக்காக வீடியோவை ஓடவிட்டுக் கடைசிப் பட்டனை அழுத்திக் கடப்பதற்கு எல்லாத் திட்டத்திலும் வழி உண்டு. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்ற விவரம் கல்லூரி வாரியாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு அண்ணனைவிட அந்தப் பட்டியல் உதவும். 2024-இல் திறக்கப்பட்ட விழுப்புரம், தஞ்சாவூர் மினி டைடல் பூங்காக்களின் நிறுவனங்களும் தாங்கள் எந்தத் தேர்வை மதிக்கிறோம் என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்குச் சொல்லலாம். அதற்கு ஒரு கடிதம் போதும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு சிக்கல். கம்பெனிச் சான்றிதழ்த் தேர்வுகளில் பலவற்றை வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள். விதிகளைப் படித்தால் வேறு கதை. கதவு மூடிய தனி அறை வேண்டும். வேறொருவர் உள்ளே வந்தால் தேர்வு அத்தோடு முடிந்தது. மேஜையில் எதுவும் இருக்கக் கூடாது. கேமரா நிற்காமல் ஓட வேண்டும், இன்டர்நெட் அறுபடக் கூடாது. பாட்டியும் தம்பியும் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டில், மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயில் பூவராகர் கிள்ளைக்குப் புறப்படும் நாளில், ஒலிபெருக்கிக்கும் மின்தடைக்கும் நடுவே இது எப்படி நடக்கும்? முடியாதவர் விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறார். நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் கட்டிவரும் அரசு, ஸ்ரீமுஷ்ணம் போன்ற தாலுகா தலைநகரங்களில் கதவு மூடிய ஓர் அறை, யூபிஎஸ், கேபிள் இணைப்புள்ள கணினி ஆகியவற்றை முன்பதிவு முறையில் கொடுத்தால் செலவு அதிகமில்லை. மாவட்ட நிர்வாகம் இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு தாலுகாவில் தொடங்கிப் பார்க்கலாம்.