கண்ணாடித் தொட்டியும் வீட்டுக் கிணறும்

சென்ற பள்ளி விடுமுறையிலே கற்பிட்டிக்குப் போயிருந்தேன். என் தமக்கையின் மகன் பத்தாம் வகுப்பிற் பயிலும் மாணவன். அவன் தகப்பனாரிடம் பலநாள் மன்றாடி, இரண்டடி நீளமான கண்ணாடித் தொட்டியொன்றும் இருபது சிறு மீன்களும் வாங்கியிருந்தான். வாங்கிய அன்றே கிணற்று நீரை அள்ளி நிரப்பினான். அன்று மாலையே மீன்களையும் விட்டான். வீட்டார் யாவரும் கூடிநின்று கண்டு களித்தனர். நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். அன்று காலை பதின்மூன்று மீன்கள் செத்து மிதந்துகொண்டிருந்தன.

"மாமா, தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது. வேளை தவறாமல் தீனியும் போட்டேன். பிறகு ஏன் செத்தன?" என்று கண்கலங்கக் கேட்டான் பையன்.

மீன் வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுட் பெரும்பாலார் கேட்கும் கேள்வி இதுவேயாம். ஆதலின், வாசகர்களே, இவ்வாரம் இதற்கே விடை கூற முற்படுகின்றேன்.

மீன் நீருக்குள்ளேயே உண்கிறது, நீருக்குள்ளேயே கழிக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் அக்கழிவு பெருநீரிற் கலந்து மறைந்துவிடும். இரண்டடித் தொட்டியிலே மறைவதற்கு இடம் ஏது? மீனின் செவுள்களிலிருந்து இடையறாது வெளிப்படும் அமோனியாவும், உண்ணாது எஞ்சிய தீனி அழுகுவதால் உண்டாகும் அமோனியாவும் நாளுக்குநாள் பெருகுகின்றன. நீரிற் கரைந்த அமோனியாவுக்கு நிறமில்லை. பளிங்குபோன்ற நீரிலேயே மீன் நஞ்சுண்டு மடிவது இதனாலேதான்.

1850 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், பன்னிரண்டு கலன் கொள்ளும் தொட்டியொன்றில் இரண்டு தங்கமீன்களையும், வலிசினேரியா என்னும் நீர்ப்பூண்டையும், நத்தைகளையும் ஒருங்கே வாழவைத்த செய்தியை வெளியிட்டார். பூண்டு மீனுக்கு ஒட்சிசனை அளித்தது. அழுகும் இலையை நத்தை தின்றது. ஆயினும் அத்தொட்டியில் அவர் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கூட்டமும் உழைத்துக்கொண்டிருந்தது. 1890 ஆம் ஆண்டளவில் செர்கே வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞரே அக்கூட்டத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை ஒருவகைப் பற்றீரியாக்கள். அவற்றுள் ஓரினம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றோரினம் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சுகள். மூன்றாவது, அளவு மிகாதவரை, மீனுக்குத் தீங்கு செய்வதில்லை.

நாம் வடிகட்டி என்று வாங்கிவைக்கும் கருவி உண்மையிலே இப்பற்றீரியாக்கள் குடியிருக்கும் வீடாகும். தூசியைப் பிடிப்பது அதன் சிறு வேலை; நஞ்சை மாற்றுவதே பெரு வேலை. சிறு தொட்டிக்கு மலிவானதும் போதியதும் பஞ்சு வடிகட்டியே. காற்றுப் பம்பியொன்று மெல்லிய குழாய்வழியே காற்றைச் செலுத்தும்; குமிழிகள் மேலெழும்போது தொட்டி நீர் பஞ்சினூடாக இழுக்கப்படும்; பஞ்சின் நுண்டுளைகள் தோறும் பற்றீரியாக்கள் பற்றி வளரும். பம்பியை நீர்மட்டத்திற்கு மேலாக வைத்தல் வேண்டும். இல்லையேல், மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய்வழியே திரும்பி வந்து பம்பியைக் கெடுத்துவிடும். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து அலசுக. குளோரின் கலந்த குழாய் நீரிற் கழுவினால், வளர்த்த குடியை நாமே அழித்தவர்களாவோம்.

இக்குடி ஒருநாளில் அமைவதன்று; நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை மீனின்றியே தொட்டியை இயக்குக. நாள்தோறும் மிகச் சிறிதளவு தீனியை மட்டும் இட்டால், அது அழுகி உண்டாகும் அமோனியாவே பற்றீரியாக்களுக்கு உணவாகும். வளர்ப்புமீன் கடைகளிலே கிடைக்கும் சோதனைப் பொருள்களைக் கொண்டு நீரைப் பார்த்து வருக. தீனியிட்டு வரும்போதே அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று காட்டுமாயின், தொட்டி ஆயத்தமாகிவிட்டது எனக் கொள்ளலாம். பையன் செய்த பிழை, ஆளில்லாத வீட்டிலே இருபது விருந்தினரை ஒரே மாலையில் இறக்கிவிட்டதேயாம்.

புத்தளக் கரையோரத்தார்க்கு இப்பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும். இப்பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். சற்றே காரத்தன்மையும் உடையது. நீரின் பீ.எச். 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகின்றது. வெப்பமும் அதனைக் கூட்டும். மலைநாட்டில் மீன் தாங்கும் அழுக்கை இங்கே தாங்காது.

இனி, எவ்வகை மீன்களை விடுவது? நீரை மீனுக்கேற்ப மாற்ற முயல்வதினும், நீருக்கேற்ற மீனைத் தேர்வதே எளிது. தெரணியகலை அவர்கள் 1929 இல் உலகுக்கு அறிமுகஞ் செய்த செரிக் கெண்டை நம் நாட்டுக்கே உரிய அழகிய மீன். ஆயினும் அது தென்மேற்குப் பகுதியின் நிழல் படர்ந்த ஓடைகளின் மென்னீரிலே பிறந்தது. எங்கள் வன்னீரிலே செழிப்பவை கப்பி, பிளாட்டி, மொலி, வாள்வால் முதலிய குட்டியீனும் மீன்களாம்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள தொட்டியிலே, சரளைக்கல்லும் மேல்வெளியும் போக, ஏறக்குறைய 45 லீற்றர் நீர் நிற்கும். அதற்குப் பத்துச் சிறு மீன்கள் போதும். ஆறு கப்பிகளும் நான்கு பிளாட்டிகளும் ஒற்றுமையாய் வாழும். தொடக்கத்தில் அனைத்தும் ஆண்களாகவே இருத்தல் நன்று. பெண் கப்பி நான்கு கிழமைக்கொருமுறை குட்டியீனுமாதலால், பத்து விரைவிலே ஐம்பதாகிவிடும். வடிகட்டியோ பத்துக்கு அமைந்ததாகவே இருக்கும். முதலில் மூன்று மீன்களை விட்டு, இரண்டு கிழமைக்கொருமுறை மும்மூன்றாகக் கூட்டுக. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்குமளவே தீனி இடுக.

புதிய மீனைத் தொட்டியில் விடுமுன் இரண்டு கிழமை வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். இதன் அருமையை எம் மாவட்டத்தார் பெருவிலை கொடுத்தே கற்றனர். சிலாபம் முதல் புத்தளம் வரை ஒல்லாந்தர் கால்வாயையும் களப்புகளையும் ஒட்டி எழுந்த இறால் பண்ணைகளை 1996 இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. ஒரு பண்ணை வெளிவிட்ட நீரையே மற்றொரு பண்ணை உள்ளிழுத்தமையால், நோய் விரைந்து பரவிற்று. பல குளங்கள் கைவிடப்பட்டன. தொட்டியாயினும் பண்ணையாயினும் விதி ஒன்றே.

தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று ஒன்றையும் கடைகளில் விற்பர். அது பாசியை உறிஞ்சித் தின்னும், மெய்தான். ஆனால் அதுவும் கழிவிடும். ஓரடிக்கு மேலாகவும் வளரும். இடங்கொள்ளாதபோது அதனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். அவ்வாறு விடப்பட்டவை நம் நாட்டு நீர்நிலைகளிலே பெருகி, மீனவரின் வலைகளைப் பாழ்படுத்தி வருகின்றன.

தொட்டி நன்கு நடக்கும்போது அமோனியாவும் நைத்திரைற்றும் ஒழிந்து, நைத்திரேற்று மட்டும் சேர்ந்துகொண்டே வரும். அதனை வெளியேற்றவே வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுகின்றோம். குழாய் நீராயின், குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைத்துப் பின் ஊற்றுக.

இவ்விடத்திலேதான் பையனின் தொட்டி எங்களுக்கு வேறொரு பாடம் கற்பித்தது. புதிதாக ஊற்றவிருந்த கிணற்று நீரையும் சோதித்துப் பார்ப்போமே என்று ஒரு சோதனைத் தாளை வாளியில் நனைத்தோம். மீனே காணாத அந்த நீரில், நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலென்று தாள் சிவந்து காட்டிற்று. தமக்கை வீட்டுக் கிணற்றைச் சுற்றி வெங்காயத் தோட்டங்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நீரை விரைந்து உறிஞ்சுவது. இட்ட யூரியாவிற் பயிர் கொள்ளாத பங்கும் மலக்குழிகளின் கசிவும் அவ்வழியே நிலத்தடி நீரைச் சேர்கின்றன. அக்குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துரைத்து வருகின்றனர்.

லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது, புட்டிப்பால் அருந்தும் சிசுக்களை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. சிசுவின் உடலிலே நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். உடல் நீலம் பாரிக்கும். தொட்டி மீனை நைத்திரைற்று மூச்சுத்திணற வைப்பதும் இதே முறையிலேதான். நீரைக் கொதிக்க வைத்தாற் போதுமென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கொதித்தலால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையுமளவுக்கு அது செறிவடையவே செய்யும்.

அந்த வீட்டிலே பையனின் தங்கைக்கு வயது மூன்று மாதம். புட்டிப்பால் கரைப்பது அக்கிணற்று நீரிலேதான். அதனைக் கேட்டு என் தமக்கை ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று மாலையே குழந்தைக்கு வேறிடத்து நீர் வந்தது. மறுநாள் அத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், கிணற்று நீரை முறையாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்.

கடைத்தாள் காட்டும் நிறம் முடிந்த தீர்ப்பாகாது. அது ஓர் எச்சரிக்கை மாத்திரமே. ஆயினும், கற்பிட்டி, நுரைச்சோலைப் பகுதிகளிலே தோட்ட நடுவே வாழும் குடும்பத்தார், மீன் தொட்டி வைத்தாலும் வையாவிட்டாலும், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தை வீட்டிலிருப்பின் தம் கிணற்று நீரைச் சோதிப்பித்துக் கொள்வார்களாக.

தொட்டிக்கும் வழி பிறந்தது. மாரியிலே கூரைநீரைச் சாடியிற் பிடித்து வைத்து, கிணற்று நீருடன் சரிபாதி கலந்து ஊற்றுகின்றான் பையன். நைத்திரேற்றை உண்ணும் வலிசினேரியா பின்வரிசையிலே செழித்து நிற்கின்றது. ஆறு கிழமை காத்திருந்து அவன் விட்ட முதல் மூன்று கப்பிகளும் நலமாயுள்ளன என்று போன கிழமை கடிதம் வந்தது. தொட்டி நீரை வாரந்தோறும் தான் மாற்றுவதாகவும், கிணற்று நீரை மழையன்றி வேறு யாரும் மாற்ற முடியாதாகையால், தோட்டத்துக்கு யூரியாவை அளந்து இடும்படி தகப்பனாரிடம் சொல்லியிருப்பதாகவும் அதில் எழுதியிருந்தான்.