அளக்காமல் அடைக்கிறார்கள்

இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடு ஒவ்வொன்றுக்கும் காற்றுக்கசிவுச் சோதனை கட்டாயம். ஆட்கள் குடியிருக்கும் பழைய வீட்டுக்குக் கட்டாயமில்லை. அதிகம் கசிபவை பழைய வீடுகள்தான். அங்குள்ள வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919க்கு முன் கட்டியது.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. வாசல் நிலையில் ஒரு மின்விசிறியைப் பொருத்தி, சன்னல்களைச் சாத்தி, காற்றோட்டத் துவாரங்களை மூடி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குவார்கள். அந்த வேறுபாடு குறையாமலிருக்க விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ, அவ்வளவு கசிகிறது வீடு. 2022 முதல் புது வீட்டுக்கு உச்சவரம்பு, சுவர், தரை, கூரைப் பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மணிக்கு 8 கன மீட்டர். விசிறி ஓடும்போது கையில் புகையோடு சுற்றிவந்தால் ஓட்டைகள் அகப்பட்டுவிடும். வீட்டுக்காரர் சன்னலைத்தான் சந்தேகிப்பார். புகை அசைவதோ மரத்தரையின் பலகை இடுக்கிலும், பரண் மூடியின் ஓரத்திலும், சமையலறை அலமாரிக்குப் பின்னால் குழாய் நுழையும் துளையிலும். கடன் வாங்கிப் புதுச் சன்னல் போட்டவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

பழைய வீட்டின் ஆற்றல் சான்றிதழுக்கோ வயதையும் புகைபோக்கியையும் பார்த்துப் போடும் உத்தேசக் கணக்கே போதும். அந்த உத்தேசத்தை நம்பித்தான் மானியத்தில் சுவருக்கு வெப்பக்காப்பு ஒட்டுகிறார்கள். அரசுத் திட்டங்களில் செய்த வெளிச்சுவர் வேலைகளில் 98 விழுக்காட்டில் பெருங்குறை இருப்பதாக, 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. எல்லாமே கசிவு சார்ந்த குறைகளல்ல. ஆனாலும் வேலை முடிந்ததும் வீட்டை யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்பது அதில் வெட்டவெளிச்சம்.

அளக்காமல் இடுக்குகளை அடைத்தால், குளியலறை ஈரமும் சமையல் ஆவியும் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டம் போதாத ரோச்டேல் குடியிருப்பு ஒன்றில், பூஞ்சணத்தால் இரண்டு வயதுக் குழந்தை 2020இல் இறந்தது; அதன் பிறகே சமூக வாடகை வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லும் சட்டம் வந்தது.

சோதனை வைத்தால் செலவு கூடும் என்பார்கள். தவறாக ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டும் செலவை யார் கணக்கில் எழுதுவது? மானியம் பெறும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் கசிவுச் சோதனை வேண்டும், கூடவே காற்றோட்டச் சோதனையும். முடிவுகள் குடியிருப்பவர் கைக்கு வந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை போகவேண்டும்.