காப்பீட்டு அட்டையும் வருமானச் சான்றிதழும்



2008ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் அதிபர் பதவி வேட்பாளர்களான பராக் ஒபாமாவும் ஜான் மெக்கெயினும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். மருத்துவ வசதி என்பது சலுகையா, உரிமையா, பொறுப்பா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. பொறுப்பு என்றார் மெக்கெயின். குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிச் சலுகை கொடுத்தால் அவரவரே காப்பீடு வாங்கிக்கொள்வார்கள் என்பது அவருடைய திட்டம். உரிமை என்றார் ஒபாமா. முன்பே நோய் உள்ளவர் என்ற காரணத்தால் காப்பீட்டு நிறுவனங்கள் எவரையும் ஒதுக்கக் கூடாது என்றார். 2010 மார்ச் மாதம் அது சட்டமானது.

நம் ஊர்த் தேர்தல் மேடைகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இங்கே பேச்செல்லாம் தொகையைப் பற்றியும், திட்டத்துக்கு யார் பெயர் என்பதைப் பற்றியும்தான். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றார்கள். 2011இல் ஆட்சி மாறியதும் அது நின்றது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தபின் ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்றானது. இதய அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய்க்கும் நிலத்தை விற்க வேண்டியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த அட்டை கைகொடுத்திருக்கிறது. இதற்காக இரண்டு கட்சி ஆட்சிகளையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அட்டை யாருக்குக் கிடைக்கிறது? முதலில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. பின்னர் அந்த வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் பத்தாயிரம் ரூபாய்.

ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கம் ஒரு விசைத்தறிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவரும் ஆறு பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு தறிக்கூடத்தில் இருக்கிறார்கள். இருவர் கூலியும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் வருகிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் வருமானச் சான்றிதழ் வரம்பைத் தாண்டிவிடும். ஈ.எஸ்.ஐ. கிடைக்குமா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொதுவாக அது கட்டாயம். தனியார் காப்பீடு எடுக்கலாமே என்றால், தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பரில் நீங்கியபின்னும், வயதான பெற்றோரையும் சேர்த்துப் பிரீமியம் கட்ட இவர்களால் இயலாது. ஏழை என்று சொல்லும் அளவுக்கு ஏழையுமில்லை, சமாளிக்கும் அளவுக்கு வசதியுமில்லை. நம் பங்குகளில் இத்தகைய குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அட்டை உள்ளவர்களுக்கும் ஒரு குறை உண்டு. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பயன்படும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் தனியார் கடையில் வாங்கும் மாத்திரைக்கோ, வேலைக்குப் போகாத நாளின் கூலிக்கோ அது உதவாது. அந்த மாத்திரையை இரண்டு மாதம் நிறுத்தியவர்தான் பிறகு பக்கவாதத்தோடு படுக்கைக்கு வருகிறார்.

இந்த இடைவெளியை இன்று நிரப்புவது அரசு மருத்துவமனைகள்தான். அங்கே வெளிநோயாளியிடம் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. 1994இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்புவதால் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அதையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முயன்றது. சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கல்லூரியாக இருந்த பெருந்துறை மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசுக் கல்லூரி. எனவே காப்பீட்டுத் தொகையை உயர்த்துவது மட்டும் போதாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் போதிய அளவில் இருக்கிறார்களா, கருவிகள் இயங்குகின்றனவா என்பதே மேலே சொன்ன குடும்பத்துக்கு உண்மையான காப்பீடு.

திருத்தந்தை 23ஆம் யோவான், உலக அமைதி பற்றி 1963இல் எழுதிய சுற்றுமடலில், மருத்துவ உதவி பெறுவதை மனிதரின் உரிமைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். நல்ல சமாரியர் உவமையிலும் அடிபட்டுக் கிடந்தவரிடம் வருமானக் கணக்கு கேட்கப்படவில்லை. சமாரியர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார்.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வந்தது. அவர் எந்த மாநிலத்தவர், வருமானம் என்ன என்று பார்ப்பதில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு இது இயலுமானால், நோயில் விழுந்தவருக்கு ஏன் இயலாது?

ஆகவே அடுத்த முறை வேட்பாளர் நம் தெருவுக்கு வரும்போது, எத்தனை லட்சம் தருவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். வரம்புக்குச் சற்று மேலே உள்ள குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்போம். மாதாந்திர மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் என்ன வழி என்று கேட்போம். நம் பகுதி அரசு மருத்துவமனையில் காலியாக உள்ள பணியிடங்கள் எப்போது நிரப்பப்படும் என்றும் கேட்போம்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. அட்டை பெறத் தகுதி இருந்தும் எழுத்தறிவில்லாமலும் அலைய ஆளில்லாமலும் விட்டுவிட்ட முதியவர்கள் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கக்கூடும். அவர்களுடைய குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்கு ஒரு நாள் நம் இளைஞர்கள் உடன் சென்று வரலாம். நோய் வரும்வரை காத்திராமல் இந்த வாரமே அவர்களைத் தேடிச் செல்வோம்.